நாற்பது வீட்டுக்கு எத்தனை கார்? தேரடி மெட்ரோ பக்கம் ஒரு முதியோர் குடியிருப்புக்கான பார்க்கிங் கணக்கு

திருவொற்றியூர் தேரடி மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஆறு கிரவுண்டு மனை ஒன்று இருக்கிறது. மூன்று குடும்பங்களுக்குப் பொதுவான பூர்வீகச் சொத்து. அதை விற்றுப் பங்கு பிரிக்காமல், சின்ன ஓய்வூதியத்திலும் பிள்ளைகள் அனுப்பும் பணத்திலும் காலம் தள்ளுகிற வயதானவர்களுக்காக, குறைந்த வாடகையில் நாற்பது சிறிய வீடுகள் கட்டலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பிளான் போடும் வேலை என்னிடம் வந்தது. வாடகை, பொதுச் சமையல், வாட்ச்மேன் எல்லாம் இரண்டு கூட்டங்களில் பேசி முடிந்துவிட்டது. மூன்றாவது கூட்டம் முழுக்க பார்க்கிங்கிலேயே போனது.

குடும்பத்தில் மூத்தவர் கேட்டார்: “தம்பி, கார் நிறுத்த இடம் இல்லைன்னா இந்தக் காலத்துல அதை யாரு வீடுன்னு ஒத்துக்கறாங்க?” அவருடைய மகள் உடனே, “அப்பா, மெட்ரோ வாசல்ல நிக்குது. எழுபது வயசுல யாருப்பா கார் ஓட்டப் போறாங்க?” என்றார். இரண்டிலும் நியாயம் இருந்தது. வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து வழிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடசென்னையில் இப்படி யோசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் முழுக்கணக்கையும் இங்கே வைக்கிறேன்.

முதலில் இடம். ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். அதாவது 12.5 சதுர மீட்டர். ஆனால் கார் உள்ளே வரவும் திரும்பவும் வெளியே போகவும் வழி வேண்டுமே. அதையும் சேர்த்து நம் நாட்டில் வழக்கமாகப் போடும் கணக்கு, திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், ஸ்டில்ட்டில் (கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே திறந்திருக்கும் தரைத்தளம்) 28, பேஸ்மென்டில் 32. நாங்கள் கட்டப்போகும் வீடு ஒன்று 400 சதுர அடி, அதாவது 37 சதுர மீட்டர். ஸ்டில்ட்டில் ஒரு கார் எடுத்துக்கொள்ளும் இடம் அந்த வீட்டில் முக்கால்வாசி! இந்த ஓர் ஒப்பீட்டைக் கூட்டத்தில் சொன்னபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆறு கிரவுண்டு என்பது 14,400 சதுர அடி, ஏறக்குறைய 1,338 சதுர மீட்டர். சுற்றிலும் விட வேண்டியதை விட்டுவிட்டுப் பாதி மனையில் கட்டடம் என்று வைத்தால் தரைத்தளத்தில் கிடைப்பது 669 சதுர மீட்டர். படிக்கட்டு, லிஃப்ட், மீட்டர் பெட்டி எல்லாம் இதற்குள்தான் வர வேண்டும்.

முதல் வழி, பெரியவர் விரும்பியது: வீட்டுக்கு ஒரு கார். நாற்பது காருக்கு 1,120 சதுர மீட்டர். தரைத்தளம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது. அப்படியானால் பூமிக்குக் கீழே போக வேண்டும், இல்லையென்றால் காரின் மேல் காரை ஏற்றி நிறுத்தும் இயந்திரம் வைக்க வேண்டும். அதுதான் இரண்டாவது வழி.

பேஸ்மென்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். தோண்டும்போது இறைக்க வேண்டும், கட்டி முடித்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலியும் எண்ணூரும் திருவொற்றியூரும் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் சேர்ந்து பரவிய வெள்ளம் அது. முதியோர் வீட்டின் அடியில் தண்ணீர் தேங்கி, லிஃப்ட்டும் நின்றுவிட்டால் நான்காவது மாடியில் இருக்கும் டயாலிசிஸ் நோயாளியை யார் தூக்கி இறக்குவது? இயந்திர பார்க்கிங்குக்கு வேறு கவலை. கரண்ட் வேண்டும், இயக்க ஆள் வேண்டும், பழுதானால் கம்பெனி ஆள் வந்து பார்க்க வேண்டும். அந்தச் செலவெல்லாம் மாதாமாதம் வாடகையில் வந்து உட்காரும். காரே இல்லாத பாட்டி அதைக் கட்ட வேண்டியிருக்கும். இந்த இரண்டு வழிகளையும் அத்துடன் மூடிவிட்டேன்.

மூன்றாவது வழி, இரண்டு வீட்டுக்கு ஒரு கார். இதைத்தான் பலரும் ‘நடுவழி’ என்று உடனே ஒத்துக்கொள்வார்கள். எங்கள் கூட்டத்திலும் ஒத்துக்கொண்டார்கள். இருபது காருக்கு 560 சதுர மீட்டர். 669-இல் இது போனால் மிஞ்சுவதில் படிக்கட்டும் லிஃப்ட்டும் வைக்கலாம். அவ்வளவுதான். தரைத்தளம் முழுக்க வண்டிகளுக்கு. எல்லா வயதானவர்களும் மாடியில்.

இப்படி ஓர் இடத்தை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். என் பெரியம்மா நான்கு வருடம் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அது. ஊரும் பேரும் வேண்டாம். ஸ்டில்ட் முழுக்கக் கார். லிஃப்ட்டுக்குப் போக இரண்டு பம்பர்களுக்கு நடுவே பக்கவாட்டில் நடக்க வேண்டும். ரேம்ப் கட்டியிருந்தார்கள், அதன் கீழ் முனையில் எப்போதும் யாராவது ஸ்கூட்டரை நிறுத்தியிருப்பார்கள். ஒரு நாள் ராத்திரி பெரியம்மாவுக்கு மூச்சுத் திணறி 108-ஐ அழைத்தோம். ஸ்டில்ட் உயரம் போதாததால் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றது. ஸ்ட்ரெச்சரைக் கார்களுக்கு நடுவே கொண்டுவர முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. அந்தக் கட்டடத்தில் பார்க்கிங் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இடம் தாராளமாக இருந்தது. அவ்வளவும் நிற்கிற வண்டிகளுக்கான இடம். வந்து போகிற வண்டிக்கு ஓர் அடிகூட விடவில்லை.

அன்றிலிருந்து நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். வயதானவர் வீட்டில் எத்தனை கார் நிற்கும் என்று கேட்பதை விட்டு, அவரைத் தேடி என்னென்ன வண்டி வரும் என்று கேட்கிறேன். பெரியம்மா இப்போது இருக்கும் வீட்டு வாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் பால்காரர் சைக்கிள். வேலைக்கு வரும் அக்காவை அவர் மகன் பைக்கில் இறக்கிவிட்டுப் போனார். ரத்தப் பரிசோதனைக்கு லேப் பையன் ஸ்கூட்டரில் வந்தார். சிலிண்டர் வண்டி. தண்ணி லாரி. எதிர்வீட்டுத் தாத்தாவை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஓர் ஆட்டோ. சாயங்காலம் மருந்துக் கடையிலிருந்து ஒரு பைக். ஞாயிற்றுக்கிழமை என்றால் மகன், மருமகள், பேரன்கள் வரும் கார். இவற்றில் ஒரே ஒரு வண்டிதான் மணிக்கணக்கில் நிற்கிறது. மற்றவை எல்லாம் வந்து, இறக்கி, போய்விடுகின்றன. நாம் போடும் பார்க்கிங் கணக்கில் இந்த வண்டிகளுக்கு இடமே கிடையாது.

வெளியூர் உதாரணங்களையும் பார்த்தேன். நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோமோ என்ற சந்தேகம் தீர வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பால் வாங்கக்கூட காரில் போகிற ஊர்கள் நிறைந்த அந்த மாநிலத்தில், 2015-இல் ஒரு சட்டம் வந்தது. முழுக்கக் குறைந்த வருமானத்தினருக்கான வாடகைக் குடியிருப்பாகவும் குடியிருப்பவர்கள் 62 வயதுக்கு மேற்பட்டவர்களாகவும் இருந்தால், உள்ளூர் நிர்வாகம் வீட்டுக்கு அரை பார்க்கிங் இடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. அரை மைலுக்குள், நடுவில் தடை ஏதும் இல்லாமல் நடந்து போகக்கூடிய இடத்தில், நாளுக்கு எட்டு முறையாவது பஸ் வர வேண்டும், அல்லது முதியோரை ஏற்றிச்செல்லும் தனி வண்டி வசதி இருக்க வேண்டும். 2022-இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து, முக்கியமான ரயில், பஸ் நிலையங்களுக்கு அரை மைலுக்குள் பெரும்பாலான கட்டடங்களுக்குக் கட்டாய பார்க்கிங்கையே எடுத்துவிட்டார்கள். நியூயார்க் நகரம் 2016-லேயே, சுரங்க ரயில் எட்டும் பகுதிகளில் கட்டும் குறைந்த வாடகை முதியோர் குடியிருப்புக்குக் கட்டாய பார்க்கிங் தேவையில்லை என்று விதியைத் திருத்தியது.

கார் இல்லாமல் நகர முடியாத ஊரிலேயே 2015-இல் வீட்டுக்கு அரை இடம் போதும் என்றார்கள் என்றால், தேரடியில் அதே அரை இடத்தை ‘நடுவழி’ என்று நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டங்கள் நிர்வாகம் எவ்வளவு கேட்கலாம் என்பதற்குத்தான் வரம்பு வைக்கின்றன. கட்டுபவர் விரும்பினால் அதிகமாகக் கட்டலாம். அந்த ‘நடுவில் தடை ஏதும் இல்லாமல்’ என்ற நிபந்தனைதான் நம் ஊருக்கு மிகவும் முக்கியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான்காவது வழி, மகள் சொன்னது: பார்க்கிங்கே வேண்டாம். மனதுக்குப் பிடித்த வழிதான். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, காலடிப்பேட்டையிலோ தேரடியிலோ ஏறினால் ரயில் மாறாமல் சென்ட்ரலில் இறங்கி ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போகலாம். இன்னும் கொஞ்சம் தள்ளி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ஓமந்தூரார் மருத்துவமனை. ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருக்கிறது. பஸ்ஸில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சென்னையில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் கிடைக்கிறது. 2025 ஜூனில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. முழங்கால் வலியோடு மூன்று படி ஏறிய பெரியம்மாவுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் பூஜ்யம் என்று போட எனக்கு மனம் வரவில்லை. காரணம், தெரு. நாம் உள்ளே இடம் தராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரும் கார் தெருவில்தான் நிற்கும். சன்னதித் தெருவைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒரு கார் நின்றாலே ஆட்டோ திணறும். திருவிழா நாளில் கேட்கவே வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கமாகப் போய் நிறுத்தலாம் என்றால் அங்கே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டியிருக்கும். ஆக, காரை வெளியே தள்ளினால் நம் வீட்டு ஆம்புலன்ஸையே நாம் மறிப்பதாக ஆகிவிடும். அக்கம்பக்கத்தாரோடு சண்டை வேறு. இன்னொன்று, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கும் மெட்ரோ எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சில நாட்களில் வீட்டு வாசலிலேயே கார் வேண்டும். ஸ்டான்லிக்கே மெட்ரோவில் போனால் வண்ணாரப்பேட்டையில் இறங்கி இன்னோர் ஆட்டோ பிடிக்க வேண்டும். வலியோடு இருப்பவரை அப்படி மாறி மாறி ஏற்றி இறக்க முடியாது.

அதனால்தான் ஐந்தாவது வழி. பத்து வீட்டுக்கு ஒரு கார் இடம், ஆக நான்கு. அவற்றில் இரண்டு மாற்றுத்திறனாளிகளுக்கானவை. மத்திய அரசின் 2016 மாதிரிக் கட்டட விதிகள் சொல்வதுபோல் 3.6 மீட்டர் அகலம், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள். நான்கும் யாருக்கும் சொந்தமில்லை. எந்த வீட்டு வாடகையோடும் சேர்க்கக் கூடாது. காரை நிரந்தரமாக வைத்திருப்பவர் தனியாக மாதக் கட்டணம் கட்டட்டும். விருந்தினர் காருக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கட்டும். நான்கையும் ஸ்டில்ட் அளவில் வைத்தாலே 112 சதுர மீட்டர்தான். மூன்றாவது வழியோடு ஒப்பிட்டால் தரைத்தளத்தில் ஏறக்குறைய 450 சதுர மீட்டர் நம் கைக்கு வருகிறது.

அந்த 450-ஐ என்ன செய்வது என்பதில்தான் இந்த வழியின் பலம் இருக்கிறது. முதலில், கேட்டுக்கு உள்ளே, கூரையில்லாத திறந்தவெளியில் ஒரு வண்டி வந்து நின்று ஆளை இறக்கிவிட்டு, பின்னால் எடுக்காமல் நேராக வெளியே போகும்படி ஒரு வழி. மழையில் நனையாமல் இறங்க அதன் ஓரத்தில் மட்டும் உயரமான பந்தல். ஆம்புலன்ஸ், ஆட்டோ, தண்ணி லாரி எல்லாம் இதில் வந்து போகும். இங்கிருந்து லிஃப்ட் வரை படியே இல்லாத, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் பாதை. லிஃப்ட் ஸ்ட்ரெச்சரைப் படுத்தபடி ஏற்றும் அளவில் இருக்க வேண்டும். வேலைக்கு வருபவர்களுக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும் பதினைந்து டூ வீலர் இடம். பேட்டரி ஸ்கூட்டர் சார்ஜ் செய்யும் பிளக் பாயின்ட் படிக்கட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். தீப்பிடித்தால் இறங்கும் வழி அடைபடக் கூடாது.

மீதி இடத்தில் தரைத்தளத்திலேயே ஐந்தாறு வீடுகள், நடக்கவே முடியாதவர்களுக்கு. அப்புறம் ஒரு சாப்பாட்டுக் கூடம், வாரம் ஒரு நாள் டாக்டர் வந்து உட்கார ஓர் அறை, தெருவைப் பார்த்தபடி நீளமாக ஒரு திண்ணை. இந்தத் திண்ணைக்காக நான் கூட்டத்தில் சண்டையே போட்டேன். வடசென்னையில் வயதானவர்கள் வீட்டுக்குள் இருப்பதைவிட வாசலில் இருப்பதுதான் அதிகம். மீன்காரம்மாவிடம் பேரம் பேசி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்து, போகிறவரைக் கூப்பிட்டு விசாரித்துத்தான் அவர்கள் பொழுது போகிறது. அந்த வாசலை எடுத்துக் காருக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவது மாடியில் பால்கனி தந்தால் ஈடாகாது.

இங்கே ஒரு தொழில்முறைச் சிக்கல். மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு பரப்பு கட்டலாம் என்ற வரம்புக்கு எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். ஸ்டில்ட் பார்க்கிங் அந்தக் கணக்கில் வராது. அதே இடத்தில் அறை கட்டினால் வரும். பல பில்டர்கள் ஸ்டில்ட்டை விடாததற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் மனைக்கு எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் 28,800 சதுர அடி கட்டலாம். நாற்பது வீடு 16,000, நடைபாதை, படிக்கட்டுக்கு இன்னொரு முப்பது சதவீதம் சேர்த்தால் 20,800. இன்னும் 8,000 சதுர அடி மிஞ்சுகிறது. தரைத்தளத்தை அறைகளாக்கினாலும் வரம்புக்குள்தான் இருக்கிறோம். பெரிய பெரிய ஃபிளாட் போட்டு எஃப்.எஸ்.ஐ.யைக் கடைசிச் சதுர அடிவரை விற்பவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சின்ன வீடுகளுக்கு ஒத்துவரும்.

அனுமதி? பெரியவரின் அடுத்த கேள்வி அதுதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, பார்க்கிங்கை வீட்டின் பரப்பை வைத்துக் கணக்கிடுகின்றன. ஆகவே வீட்டின் அளவைத் தீர்மானிக்கும்போதே பார்க்கிங்கையும் பாதி தீர்மானித்துவிடுகிறோம். பொது அறைகளைத் தாராளமாக வைத்து வீட்டைச் சிறியதாக வைப்பது இதற்கும் உதவுகிறது. மத்திய அரசின் 2017 போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கை, ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை பார்க்கிங்கைக் குறைக்கச் சொல்கிறது. கொள்கை வேறு, விதி வேறு. ஆனாலும் திட்ட அனுமதிக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய காகிதம் அது.

இப்போது, தள்ளி வைத்த அந்த ‘நடுவில் தடை ஏதும் இல்லாமல்’ என்ற நிபந்தனை. வயதானவர் நிமிடத்துக்கு 50 மீட்டர் நடப்பார் என்று வைத்தால் 500 மீட்டருக்குப் பத்து நிமிடம். மே மாத வெயிலில், நடுவில் உட்கார இடம் இல்லாமல், அது ரொம்ப தூரம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடைபாதை உடைந்த இடத்தில் அவர் தார்ச்சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். பக்கத்தில் லாரி. அந்தப் பாதை சரியில்லை என்றால் என் ஐந்தாவது வழியும் வெறும் காகிதக் கணக்குதான். அவர்கள் மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே அதைப் பயன்படுத்த முடியாமல் போவார்கள். அதனால் பார்க்கிங்கில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்: காலையிலும் மாலையிலும் ஸ்டேஷனுக்கும் மருத்துவமனைக்கும் போய்வர ஒரு பேட்டரி ஆட்டோ, ஓட்டுநர் சம்பளத்தோடு. நாற்பது வீட்டுக்கு அது ஒன்று செய்யும் வேலையை இருபது கார் இடம் செய்யாது.

இந்த வழியில் இழப்பவரும் இருக்கிறார். 68 வயதில் இன்னும் தானே கார் ஓட்டி, மாதம் ஒரு முறை திருத்தணிக்குப் போய்வருகிற மனிதருக்கு அந்தக் கார் வெறும் வண்டி இல்லை. யாரையும் எதிர்பார்க்காமல் இருக்கிறோம் என்ற நிம்மதி. 55 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பித்து அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அப்படி ஐந்தாறு பேர் வந்தால் நான்கு இடம் போதாது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஒளித்து வைக்கக் கூடாது.

மெட்ரோ இல்லாத இடத்தில் இதே கணக்கைப் போடாதீர்கள். மணலி உள்பகுதியிலோ மாத்தூரிலோ மனை இருந்தால் நான் மூன்றாவது வழிக்குப் பக்கமாகத்தான் போவேன். மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம் பக்கம் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கிறது. அங்கே கட்டுபவர்கள் இன்றைக்கு எட்டு இடமாக வைத்து, ரயில் ஓடத் தொடங்கியபின் பாதியை அறையாக மாற்றும்படி தூண்களையும் தண்ணீர்க் குழாயையும் இப்போதே சரியான இடத்தில் போட்டுவைக்கலாம்.

நான்காவது கூட்டத்தில் பெரியவர் ஐந்தாவது வழியை முழுதாக ஏற்கவில்லை. ஆறு இடமாவது வை என்கிறார். கட்டடத்துக்குப் பின்னால் திறந்தவெளியில், மரத்தடியில், கட்டைக்கல் பதித்து இரண்டு இடம் கூட்ட ஒத்துக்கொண்டேன். யாரும் நிறுத்தாத நாளில் அங்கே நாற்காலி போடலாம். திண்ணையின் நீளத்தில் மட்டும் ஓர் அடியும் குறைக்கவில்லை. வரும் ஞாயிறு காலை பெரியம்மாவை அழைத்துக்கொண்டு மனையிலிருந்து ஸ்டேஷன் லிஃப்ட் வரை நடக்கப் போகிறோம். அவர் எங்கெங்கே நிற்கிறாரோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறி போட்டு, அந்த இடங்களில் ஒரு பெஞ்ச் கேட்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு மனு எழுதுவதாக இருக்கிறோம்.